எல்லோரும் திறக்கும் பெட்டி

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க் ‘டிக்... டிக்...’ என்று முனக ஆரம்பித்ததும் அந்த வீடே அல்லோலகல்லோலப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருவது அந்த வீட்டு மருமகளின் தொழில். அதனால் வீட்டில் அவளுக்குப் பெயரே ‘எடிட்டர்’தான். முன்பின் தெரியாத ஒரு ஜோடியின் கல்யாணம் மொத்தமும் அந்த டிஸ்க்குக்குள் மாட்டிக்கொண்டது. மணமகள் படியேறி வரும் காட்சியைக் காப்பாற்ற, எடிட்டர் ஒரு நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தாள்.

காட்சி பிழைத்தது. டிஸ்க் பிழைக்கவில்லை.

“இனிமே இந்தக் கூத்து வேணாம்” என்று மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “வீட்டுக்குப் பொதுவா ஒரு பெட்டி வாங்கிடுங்க. வைஃபையோட இணைச்சுட்டா எல்லாரோட படமும் வீடியோவும் அதுல பத்திரமா இருக்குமாமே. எல்லாம் ஒரே இடத்துல கிடக்கட்டும்.”

அவருக்குப் ‘பொது’ என்ற சொல் ரொம்பப் பிடிக்கும். அந்த வீட்டில் சோப்பு பொது, குடை பொது, சார்ஜர் பொது. ஐந்து பேருடைய போனுக்கும் பூட்டு எண்கூட ஒன்றுதான். வீட்டுக் கதவு எண்ணை இரண்டு தடவை அடித்தால் யார் போனும் திறக்கும். ஆபத்து அவசரத்துக்கு உதவும் என்பது அவர் கட்சி. அதை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. எதிர்த்துப் பேசலாமா என்று யோசிக்கவாவது ஒரு மூலை வேண்டுமே, அதுவும் அங்கே பொது.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜைமேல் ஒன்றுக்கு இரண்டு பெட்டிகள் உட்கார்ந்திருந்தன.

வெள்ளைப் பெட்டி எடிட்டரின் கணவன் கொண்டுவந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், வீட்டில் பெரியவன். கறுப்புப் பெட்டி கொழுந்தன் கொண்டுவந்தது. விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகள் சுற்றிவருகிற பெல்ட்டைப் பழுது பார்க்கிற இன்ஜினீயர், வீட்டில் சின்னவன். ஒரு வாரமாக அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டும் முடிவுக்கு வரவில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் பெரியவனிடம் கண்ணாடி போடுகிறவர். இரண்டையுமே எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள், சாயங்காலம் ஆறு மணிக்குள் ஒன்று கடைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கொடுத்தனுப்பிவிட்டார்.

“இதுல மெனக்கெடவே வேணாம்ப்பா” என்று பெரியவன் வெள்ளைப் பெட்டியைத் தட்டிக்கொடுத்தான். “டிஸ்க்கெல்லாம் உள்ளயே இருக்கு. ஒயரைச் சொருகினா முடிஞ்சது. ஒவ்வொரு போன்லயும் ஒரு ஆப். படத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கும். அதுவே கோர்த்து, பாட்டுப் போட்டு, டிவியில சினிமா மாதிரி காட்டும்.”

“ஆமா, அஞ்சு பேரோடதையும் ஒரே கூடையில கொட்டிக் காட்டும்” என்றான் சின்னவன். “என்னுதைப் பாருங்கப்பா. நாலு டிராயர். இப்ப ரெண்டு டிஸ்க் போடுவோம், நிறைஞ்சா இன்னும் ரெண்டு. ஒண்ணு செத்துப்போனாலும் இன்னொண்ணுல அச்சு அசலா அப்படியே இருக்கும். முக்கியமா, ஆளுக்கு ஒரு அறை. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. உங்க அறைக்குள்ள நான் எட்டிப் பார்க்க முடியாது.”

“நீ எதுக்குடா எட்டிப் பார்க்கணும்? கேட்டா நானே காட்டப்போறேன்” என்றார் மாமனார். “வீட்டுக்குள்ள எதுக்குப் பாஸ்வேர்டு? இங்கே யாரு திருடன்?”

மாமியார் சமையலறை வாசலில் நின்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எது வந்தா என்ன, தூசி தட்டப்போறது நான்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த வீட்டில் அவருடைய வாக்கு எப்போதும் அவ்வளவோடு முடிந்துவிடும்.

“நீ சொல்லு, எடிட்டர்” என்றான் பெரியவன். “உன் தொழிலுக்குத்தானே முக்கியமா வேணும்?”

எடிட்டரின் கண் ஹாலில் வைத்திருந்த தன் போன் பக்கம் ஓடியது.

காரணம் உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில்தான் யாருக்கும் தெரியாது. பத்து நாளுக்கு முன்னால், வீடியோ வாங்கிவரப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் போனது நாலு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டுக்கு. சின்ன வீடு. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒதுங்கவேண்டிய பால்கனி. அதைச் சுற்றிச் சுற்றிப் பதினோரு படம் எடுத்தாள். இன்னும் கணவனிடம்கூட வாயைத் திறக்கவில்லை. அழித்திருக்கலாம். அழிக்க மனசு வரவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, தினமும் ஒரு தடவை அந்தப் படங்களை எடுத்துப் பார்ப்பாள். அவளுக்கு அந்த வீடு வேண்டும். அவ்வளவு வேண்டும் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

இவர்கள் கெட்டவர்களா என்ன? ஒருவரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் அவள் படுக்கையறை மூலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், மாமனார் வந்து பின்னால் நின்று, “இந்தப் பொண்ணுக்கு அந்தப் பையன் உயரம் பத்தலையே” என்பார். சின்னவன் கட்டிலில் குறுக்கே படுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பான். பெரியவன் சட்டை தேடுவான். மூன்று வருஷத்தில் ஒரு காட்சியைக்கூட அவள் ஒரே மூச்சில் வெட்டி முடித்ததில்லை.

“கறுப்புதான் நல்லதுன்னு தோணுது. டிஸ்க் மாத்த வசதி” என்றாள் பட்டும் படாமலும்.

“அப்படிப் போடுங்க அண்ணி!” என்று சின்னவன் துள்ளினான்.

“ரெண்டையும் ஓட்டிப் பார்ப்போம். அப்புறம் பேசுவோம்” என்றார் மாமனார்.

சரி, போனை எடுத்து உடனே அழித்துவிட வேண்டியதுதான் என்று அவள் எழுந்தாள். அதற்குள் சின்னவன் திருப்புளியை அவள் கையில் திணித்தான். “அண்ணி, இந்த டிஸ்க்கை டிராயர்ல முடுக்கிக் குடுங்க. உங்க கைதான் சின்னது.” எட்டுத் திருகு. ஐந்தாவது திருகு மேஜைக்கடியில் உருண்டு ஓடியது. அதைத் தேடி இரண்டு பேரும் மண்டியிட்டார்கள். கிடைத்ததும் மாமனார் கையேட்டைக் கொண்டுவந்து, “இந்த எழுத்து எறும்பு மாதிரி இருக்கும்மா, படிச்சுச் சொல்லு” என்றார். கண்ணாடிக் கடைக்காரனின் அப்பா! பாதிப் பக்கம் படித்தாள். என்ன படித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

படித்து முடித்து ஹாலுக்கு வந்தால், போன் வைத்த இடத்தில் போன் இல்லை.

“சாப்பாட்டு நேரம் ஆச்சு. எல்லாத்தையும் தட்டுல வெச்சுட்டேன்” என்றார் மாமனார்.

அது அந்த வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சட்டம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் போனும் செருப்பு அலமாரிமேல் இருக்கிற எவர்சில்வர் தட்டுக்குப் போய்விட வேண்டும். எல்லோரும் கை கழுவி, சாப்பிட்டு, மேஜை துடைத்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும்.

எடிட்டர் சாப்பிட்டாள். சாப்பிட்டாள் என்று பெயர். நினைப்பு முழுக்கச் செருப்பு அலமாரித் தட்டில் இருந்தது, சோற்றுத் தட்டில் இல்லை. பெரியவன் இரண்டு வாய் போட்டுவிட்டு முதல் ஆளாக எழுந்து கை கழுவப் போனதை அவள் கவனித்தாள். ஏன் இவ்வளவு அவசரம் என்று நினைத்தாளே தவிர, புரியவில்லை. மாமியார் இன்னும் கொஞ்சம் வைத்தார். அதையும் அளைந்துகொண்டிருந்தாள்.

மேஜையைத் துடைத்ததும் பாய்ந்துபோய்த் தட்டிலிருந்து தன் போனை எடுத்தாள். உள்ளங்கையில் சுட்டது.

“அதை அணைச்சுடாதே” என்று டிவிக்குப் பக்கத்திலிருந்து பெரியவன் கத்தினான். “ஏறிக்கிட்டு இருக்கு!”

“என்ன ஏறுது?”

“படம்தான். அஞ்சு போன்லயும் ஆப்பைப் போட்டு முடுக்கிவிட்டுட்டேன். பூட்டு எண் ஒண்ணுதானே, யாரையும் கேட்கவே வேணாம். அஞ்சே நிமிஷம்! தம்பி இன்னும் திருகோட மல்லாடறான். எப்படி?”

அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவளுக்குக் கோபப்படக்கூடத் தெரியவில்லை.

“என்னைக் கேட்டிருக்கலாமே...”

“உன் படத்தை எடுக்க உன்னை எதுக்குக் கேட்கணும்?” என்று அவன் சிரித்தான். உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் வேறு எப்படி இருப்பான்?

குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். போன் திரையில் நாற்பத்து மூன்று சதவீதம் என்று காட்டியது. பதினோரு படங்களையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். குப்பைக்குள் போனதையும் தோண்டி எடுத்து மறுபடி அழித்தாள். ஒரு நிமிஷம் நிம்மதியாக மூச்சு விட்டாள். இரண்டாவது நிமிஷம் மூளை வேலை செய்தது. அடிப் பாவி, நீ எடிட்டர்! மூலத்தை அழித்தால் பிரதி அழியுமா? போன வாரம்தான் ஒரு கல்யாணத்தையே அந்த உண்மையை வைத்துக் காப்பாற்றினாய்!

புதுப்படங்களைத்தான் முதலில் இழுக்கும். பத்து நாள் பழசு புதுசுதான். போயிருக்கும். இல்லை, நாற்பத்து மூன்றுதானே, போயிருக்காது. போயிருக்கும்.

மூன்று மணியிலிருந்து அவள் ஓர் இடத்தில் உட்காரவில்லை. வெள்ளைப் பெட்டி இருந்த அலமாரியைத் துடைத்தாள். ஒயரில் கை பட்டதுபோல் இழுத்துவிடலாமா என்று பார்த்தாள். பெரியவன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். “ஏங்க, டீ வாங்க பால் இல்லையே, கடைக்குப் போயிட்டு வர்றீங்களா?” என்றாள். “டீ வாங்கப் பாலா?” என்று அவன் திரும்பிப் பார்த்தான். பால் இரண்டு பாக்கெட் ஃபிரிட்ஜில் இருந்ததை மாமியாரே காட்டிவிட்டார்.

“ஏம்மா, உடம்பு சரியில்லையா?” என்று மாமியார் கேட்டார்.

“இல்லையே அத்தை. நல்லாத்தான் இருக்கேன்.”

“நாலு தடவை அந்த அலமாரியைத் துடைச்சுட்டே.”

நாலே காலுக்கு வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. “எல்லாரும் வாங்க, படம் ரெடி!” என்று பெரியவன் டிவியைப் போட்டான். மாமனார் சோபாவின் நடுவில் சாய்ந்தார். சின்னவன் கடுகடு என்ற முகத்தோடு சுவரில் சாய்ந்து நின்றான். அவனுடைய கறுப்புப் பெட்டி மேஜைமேல் விசிறி இரைய, இன்னும் டிஸ்க்கைச் சரி பார்த்துக்கொண்டிருந்தது.

‘உங்கள் வீட்டின் இந்த மாதம்’ என்று டிவியில் எழுத்து வந்தது. கூடவே ஒரு பியானோ.

எடிட்டருக்கு அந்த நிலையிலும் எரிச்சல் வந்தது. இப்படியா வெட்டுவார்கள்? மாமனார் கொட்டாவி விடும் படத்திலிருந்து விமான நிலைய பெல்ட்டுக்குத் தாவியது. அங்கிருந்து மூக்குக்கண்ணாடி ஃபிரேம் வரிசை. அடுத்தது சின்னவன் கால் கட்டைவிரல். எல்லாவற்றுக்கும் ஒரே பியானோ, ஓரத்தில் ஒரு சிவப்பு இதயம்.

“பார்த்தியா, அதுவே பண்ணுது!” என்றார் மாமனார், குழந்தை மாதிரி. “எடிட்டருக்கே வேலை போயிடும்போல!” எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் அது வந்தது. வெறும் சமையலறை. ஒரு பாத்திரம்கூட இல்லாத சிங்க். அப்புறம் குழாய். அப்புறம் காலி ஹாலில் சன்னல் வெளிச்சம். அப்புறம் ஒரு படுக்கையறைக் கதவு, உள்பக்கத்திலிருந்து. அதன் தாழ்ப்பாள் தனியாக, கிட்டத்தில், இன்னொரு தடவை. பியானோ உருகி வழிந்தது. ‘புதிய இடங்கள்’ என்று கீழே எழுத்து.

“யார் வீடுடா இது?” என்றார் மாமனார்.

“எனக்குத் தெரியாது” என்றான் சின்னவன்.

“நான் எடுக்கலை” என்றான் பெரியவன்.

பால்கனி வந்தது. வாசல் கதவில் தொங்கிய ‘வாடகைக்கு’ அட்டை வந்தது. அதற்கும் ஒரு சிவப்பு இதயம்.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வீடு பார்த்திருக்காங்க. இந்த வீட்டுல யாரோ வீடு பார்த்திருக்காங்க.” குரலில் கோபம் இல்லை. அடி வாங்கியதுபோல இருந்தது. அவள் எதிர்பார்த்ததைவிட அது மோசம். இந்த மனுஷன் ஆளுக்கொரு சோப்பு வாங்கித் தராதது கஞ்சத்தனத்தால் இல்லை என்று அவளுக்கு எப்போதோ தெரியும். பிரிந்து போய்விடுவார்களோ என்ற பயம்.

“இருங்க, கண்டுபிடிச்சுடலாம்” என்று பெரியவன் ரிமோட்டை எடுத்தான். “கீழ் பட்டனை அமுக்கினா எந்தப் போன்லேர்ந்து வந்ததுன்னு காட்டும். அதுதான் இதுல விசேஷம்.”

எடிட்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொல்லிவிடலாம். இப்போது வாயைத் திறந்தால் தானாகச் சொன்னதாக இருக்கும். பட்டன் அமுங்கிவிட்டால் பிடிபட்டதாகிவிடும். அந்த வித்தியாசத்துக்கு இன்னும் அரை நொடி மிச்சம் இருந்தது.

“எதுக்கு அதை அமுக்கறே?” என்று ஒரு குரல் கேட்டது. “நான்தான் எடுத்தேன்.”

மாமியார். சோபாவுக்குப் பின்னால், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“நீயா?” மாமனார் திரும்ப முடியாமல் திரும்பினார். “நீ எதுக்கு வீடு பார்த்தே?”

“தெரிஞ்சவங்க கேட்டாங்க. போய்ப் பார்த்துச் சொன்னேன்.”

“யாரு தெரிஞ்சவங்க? எங்கிட்டச் சொல்லவே இல்லையே?”

“நீங்க கேட்கவே இல்லையே.”

பெரியவன் ரிமோட்டைக் கீழே வைத்தான். டிவியில் வேறு ஏதோ படம் ஓடியது, ஒருவரும் பார்க்கவில்லை.

“அந்தப் படத்தையெல்லாம் அழிச்சுடு” என்று மாமியார் பெரியவனிடம் சொன்னார். “அப்புறம், இந்த வெள்ளைப் பெட்டியைக் கட்டி வை. ஆறு மணிக்குள்ள குடுத்துடணும்ல?”

“அம்மா! இதுதானே ஈஸி?”

“ஈஸிதான். எனக்கு வேணாம். சின்னவன் கொண்டுவந்தது இருக்கட்டும்.” கொஞ்சம் நிறுத்தி, “அதுல எனக்கும் ஒரு அறை இருக்குல்லடா?” என்று கேட்டார்.

“இருக்கும்மா” என்றான் சின்னவன். ஜெயித்தவன் துள்ளியிருக்க வேண்டும், துள்ளவில்லை. “பாஸ்வேர்டு நீயே போட்டுக்கலாம்.”

“போடத் தெரியாது. சொல்லிக் குடு. அந்தக் கதவு எண் வேணாம்.”

முப்பத்தைந்து வருஷமாகத் தூசி தட்டுவது பற்றி மட்டும் பேசியவர் தீர்ப்புச் சொன்னால் எங்கே மேல்முறையீடு செய்வது என்று மாமனாருக்குத் தெரியவில்லை. பெரியவன் ஒயரைப் பிடுங்கினான். பச்சை விளக்கு அணைந்தது.

எடிட்டர் சமையலறைக்குள் மாமியார் பின்னாலேயே போனாள். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா, எதை முதலில் சொல்வது என்று புரியாமல், “அத்தை...” என்று மட்டும் சொன்னாள்.

மாமியார் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. “அதை நான் எடுக்கலைன்னு உனக்குத் தெரியும். நீ எடுத்தேன்னு எனக்குத் தெரியும். அதோட விடு.”

“எப்படி அத்தை தெரிஞ்சது?”

“எல்லாரும் டிவியைப் பார்த்தாங்க. நான் உன்னைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

எடிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்க மேலயெல்லாம் கோபம் இல்ல அத்தை. சத்தியமா. எனக்குக் கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு மணி நேரம் வேலை செய்யணும். அவ்வளவுதான். அவர்கிட்டக்கூட இன்னும் சொல்லலை. நீங்க வேணாம்னு சொன்னா விட்டுடறேன்.”

“நான் எங்கே வேணாம்னு சொன்னேன்?”

மாமியார் கடைசித் தட்டையும் வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். எடிட்டர் அந்த முகத்தைத் தினமும் பார்க்கிறாள், இப்படிப் பார்த்ததில்லை. கண்ணில் ஒரு பரபரப்பு, பிடிபட்டவர்களுக்கு வருகிற மாதிரி. அன்று காலையிலிருந்து தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

“அந்த வீடு பத்தாதும்மா” என்றார் மாமியார், ஹாலுக்குக் கேட்காத குரலில். “ஒரே ஒரு ரூம்தான் இருக்கு. ரெண்டு ரூம் இருக்கறதாப் பாரு.”

“நாங்க ரெண்டு பேர்தானே அத்தை? எதுக்கு இன்னொரு ரூம்?”

“அது எனக்கு.”

“மாமாவுக்கும் உங்களுக்குமா?”

“எனக்குன்னு சொன்னேன்.”

ஹாலிலிருந்து மாமனார் காபி கேட்டார். சமையலறையில் இருந்த இரண்டு பேரில் ஒருவரும் அடுப்புப் பக்கம் போகவில்லை.